நடுவட்டம் ஜெயில்: நான் தப்பாச் சொன்ன 30 செகண்டு

இன்னைக்கு எபிசோட் ஒரு திருத்தம்.

கொஞ்ச நாள் முன்னாடி "ஊட்டிக்குப் போறீங்களா, போட்ஹவுஸைத் தாண்டி என்ன பார்க்கலாம்"னு ஒரு எபிசோட் போட்டிருந்தேன். அதுல பைக்காரா, ஊசிமலை, நடுவட்டம்னு கூடலூர் ரோட்டுல வர்ற இடங்களை வரிசையா சொன்னேன். நடுவட்டத்துக்கு வந்ததும் 30 செகண்டுல ஒரு கதையைச் சொல்லி முடிச்சேன்: "இங்க ஒரு பழைய ஜெயில் இருக்கு. சீனாவுல நடந்த அபினிப் போர்ல பிடிச்ச போர்க்கைதிகளை வெள்ளைக்காரன் இங்க கொண்டு வந்து அடைச்சு வச்சான்."

கேட்க நல்லா இருந்துச்சு. எனக்கும் சொல்ல நல்லா இருந்துச்சு. ஒரு வாரம் கழிச்சு ஒரு நேயர் மெயில் போட்டிருந்தாங்க. ஒரே கேள்விதான். "எந்தச் சண்டையில பிடிச்சாங்க? எந்தத் துறைமுகத்துல இருந்து ஏத்துனாங்க?"

என்கிட்ட பதில் இல்லை. அந்தக் கதையை நான் எங்க படிச்சேன்னு யோசிச்சா, அதுக்கும் உருப்படியான பதில் இல்லை. "நடுவட்டம்"னு தேடினா பத்து சுற்றுலாப் பக்கங்கள் வரும். பத்துலயும் கிட்டத்தட்ட அதே வரி. ஒருத்தர் எழுதினதை ஒன்பது பேர் எடுத்துப் போட்டா பத்து ஆதாரம் ஆகாது, ஒரே ஆதாரம்தான். இது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் வேலை பார்க்கிற துறையில முதல்ல சொல்லிக் கொடுக்கிற பாடமே இதுதான்.

அதனால உட்கார்ந்து பழைய பதிவுகளைப் படிச்சேன். படிச்ச பிறகு ஒண்ணு புரிஞ்சது. உண்மையான கதை நான் சொன்னதை விடப் பெரிசு. அதுல நாமளும் இருக்கோம்.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். பெங்களூர், மைசூர்ல இருந்து பந்திப்பூர், முதுமலை வழியா ஊட்டிக்கு வர்றவங்க கூடலூர் தாண்டி மலை ஏறினா முதல்ல வர்ற ஊர் நடுவட்டம். ஊட்டியில இருந்து வந்தா பைக்காரா தாண்டி 30 கிலோமீட்டர் சொச்சம். பெரும்பாலானவங்க இங்க வண்டியை நிறுத்துறது டீ குடிக்க. நானும் அப்படித்தான் முதல் தடவை நிறுத்தினேன். டீக்கடையில இருந்த அண்ணன் கையை நீட்டி, "அது சைனாக்காரன் ஜெயில் தம்பி, போய்ப் பார்த்துட்டு வாங்க"ன்னார். ஊர்க்காரங்க அதைச் சாதாரணமா அப்படித்தான் சொல்றாங்க. தடிமனான சுவர், வரிசையா அறைகள். பேரூராட்சி அதைச் சரி பண்ணி அருங்காட்சியகமா வச்சிருக்கு.

மலை உச்சியில, காட்டு ஓரத்துல, இவ்வளவு மழையில எதுக்கு ஒரு ஜெயில்? ஊட்டியில வைக்காம இங்க எதுக்கு வச்சாங்க?

காரணம் ஒரு மரம். சின்கோனா. நம்ம தாத்தா பாட்டி காலத்துல காய்ச்சல் வந்தா ஒரு கசப்பு மருந்து கொடுப்பாங்களே, கொயினா, அது இந்த மரத்தோட பட்டையில இருந்து வர்றது. மரத்தோட சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. 1820-ல் பிரான்சில் பெல்லத்தியே, கவாந்து என்ற இரண்டு பேர் அந்தப் பட்டையிலிருந்து குவினைனைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியா எதனால் வருகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. கெட்ட காற்றால் வருகிறது என்று நினைத்தார்கள். ஆனால் குவினைன் கேட்கிறது என்பது மட்டும் தெரியும். வெப்ப நாடுகளில் படையை நிறுத்தவும், தோட்டம் போடவும், ரயில் பாதை போடவும் பிரிட்டிஷ் அரசுக்கு இந்த மருந்து வேண்டும். மரமோ இன்னொரு கண்டத்தில் இருக்கிறது.

1860-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற அதிகாரி பெருவில் இருந்து சின்கோனாக் கன்றுகளோடு ஊட்டிக்கு வந்தார். அவர் கொண்டு வந்தவை பிழைக்கவில்லை. இன்றைய எக்வடோர் பகுதியில் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் என்ற தாவரவியலாளர் சேகரித்த செம்பட்டை வகைதான் அடுத்த வருஷம், 1861-ல் வந்து வேர் பிடித்தது. அதை வளர்த்தெடுத்தவர் ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மக்ஐவர். ஊட்டிக்குப் போனா எல்லாரும் போட்டோ எடுக்கிற அதே பூங்காதான்.

மக்ஐவர் ஒரு வேலை செய்தார். மரத்தை வெட்டாமல், பட்டையைப் பட்டை பட்டையாக உரித்து, உரித்த இடத்தில் பாசியைச் சுற்றிக் கட்டினார். அதற்கடியில் புதுப் பட்டை வளர்ந்தது, அதில் மருந்துச் சத்தும் கூடுதலாக இருந்தது. நல்ல யோசனைதான். ஆனால் இதை ஒவ்வொரு மரத்துக்கும் கையால் செய்யணும். காட்டை அழிக்கணும், குழி வெட்டணும், நடணும், உரிக்கணும், கட்டணும், காய வைக்கணும்.

செம்பட்டை மரத்துக்கு ஊட்டிக் குளிர் அதிகம். கொஞ்சம் கீழே, கொஞ்சம் வெதுவெதுப்பான, மழை நிறைய பெய்யும் சரிவு வேண்டும். மலையின் மேற்கு விளிம்பில் இருக்கும் நடுவட்டம் சரியாகப் பொருந்தியது. தென்மேற்குப் பருவமழை நேராக வந்து முட்டும் இடம். அங்கே வேலைக்கு ஆள் கிடைப்பது பெரும்பாடு. அடிவாரமான கூடலூர், வயநாடு பக்கமெல்லாம் மலேரியாக் காடு. அரசாங்கத்திடம் இருந்த, "வர மாட்டேன்" என்று சொல்ல முடியாத ஆட்கள் யார்? கைதிகள்தான். மரம் எங்கே வளருமோ அங்கே ஜெயில் வந்தது இப்படித்தான்.

இப்போ நான் தப்பு விட்ட இடம். அந்தக் கைதிகளில் சீனர்கள் எப்படி வந்தார்கள்?

சென்னை எழும்பூர் மியூசியத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-ல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். 1908-ல் நீலகிரி மாவட்ட கெஜட்டியர் வந்தது. இவை அந்தச் சீனர்களைப் போர்க்கைதிகள் என்று சொல்லவில்லை. தண்டனைக் கைதிகள் என்கின்றன. எங்கிருந்து? நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து, அதாவது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர். அங்கே சிறையில் இடம் போதவில்லை, அதனால் மெட்ராஸ் மாகாணத்துக்கு அனுப்பினார்கள்.

இது விசித்திரமாத் தெரியும். ஆனா 1867 வரைக்கும் சிங்கப்பூரும் பினாங்கும் கல்கத்தாவில் இருந்துதான் ஆளப்பட்டன. ஒரே அரசாங்கம், ஒரே கணக்குப் புத்தகம். கைதியை இங்கேருந்து அங்கே அனுப்புறதும் அங்கேருந்து இங்கே அனுப்புறதும் அவங்களுக்கு ஆபீஸ் மாற்றல் மாதிரி.

"அங்கே அனுப்புறது"ன்னு சொன்னேன் இல்ல, அதுதான் எனக்குத் தெரியாத பாதி. சிங்கப்பூர் போனவங்க செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைப் பார்த்திருப்பீங்க. சிட்டி ஹால் ஸ்டேஷன்ல இறங்கினா எதிர்லயே வெள்ளை வெளேர்னு நிக்கும். 1856-க்கும் 1861-க்கும் நடுவில் அதைக் கட்டியது இந்தியக் கைதிகள். சுவருக்குப் பூசியது "மெட்ராஸ் சுண்ணாம்பு". சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் சேர்த்து அரைத்த சாந்து. இன்றைக்குச் சிங்கப்பூர் அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவும் 1869-ல் இந்தியக் கைதிகளின் கைகளால் எழுந்ததுதான்.

ஆக, மெட்ராஸில் தண்டனை வாங்கியவர் கடல் கடந்து சிங்கப்பூரில் தேவாலயம் கட்டுகிறார். சிங்கப்பூரிலோ பினாங்கிலோ தண்டனை வாங்கிய சீனர் கடல் கடந்து வந்து நீலகிரியில் சின்கோனா நடுகிறார். இரண்டு பேருக்கும் ஊர் தெரியாது, மொழி தெரியாது, திரும்பிப் போகும் வழி தெரியாது. அப்படிப்பட்ட இடத்துக்கு அனுப்பியதே அதற்காகத்தான். ஓடினாலும் எங்கே ஓடுவார்?

ஆனாலும் ஓடினார்கள். லவ்டேலில் லாரன்ஸ் பள்ளிக் கட்டிடம் எழும்பிய காலத்தில் அங்கேயும் சீனக் கைதிகள் இருந்தார்கள். 1868 ஜூலை 28, பேய் மழை அடித்த ராத்திரியில் 12 பேர் தப்பித்ததாகக் கெஜட்டியர் சொல்கிறது. பல போலீஸ் குழுக்கள் தேடப் போயின. இரண்டு வாரம் கழித்து மலபாரில் அவர்கள் பிடிபட்டபோது கையில் போலீஸ் ஆயுதங்கள் இருந்தன. தேடப் போன ஒரு குழு திரும்பவே இல்லை. செப்டம்பரில் சிஸ்பாரா மலைப் பாதையோரக் காட்டில் நான்கு போலீஸ்காரர்களின் உடல்கள் தலை வெட்டப்பட்ட நிலையில் கிடைத்தன.

இதை நான் சாகசக் கதையாச் சொல்ல விரும்பல. செத்துப்போன நாலு பேரும் சம்பளத்துக்கு மழையில காட்டுக்குள்ள அனுப்பப்பட்டவங்க.

தண்டனை முடிந்த பிறகு என்ன ஆனது? சிலர் போகவில்லை. தர்ஸ்டன் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையிலான சரிவில் ஒரு சின்னச் சீனக் குடியிருப்பைப் பார்த்தார். அவர்கள் பறையர் சமூகத் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காபியும் பயிரிட்டுப் பிழைத்தார்கள். தர்ஸ்டன் தன் வழக்கப்படி ஒரு குடும்பத்தைக் கவனித்து, பிள்ளைகளின் நிறம், கண், மூக்கு என்று எழுதி வைத்தார். மனிதர்களை அப்படிக் குறிப்பெடுப்பதுதான் அந்தக் காலத்து "அறிவியல்".

அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் அந்த அப்பா மனிதராகத் தெரிகிறார். அவருக்கு ஒரே ஒரு குறை இருந்ததாம். கிறிஸ்தவராக மாறினபோது, பின்னலிட்ட தன் குடுமியை வெட்ட வைத்துவிட்டார்கள் என்பது. ஊர் போச்சு, மொழி போச்சு, இளமை போச்சு. வந்த துரையிடம் அவர் சொன்னது முடியைப் பற்றி. அவர் மனைவி என்ன சொன்னார் என்று தர்ஸ்டன் எழுதவில்லை.

அந்தப் பிள்ளைகள் தமிழ் பேசித்தான் வளர்ந்திருக்கணும். அவங்க பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் இன்னைக்கு கூடலூர்லயோ கோவையிலயோ, ஏன், உங்க பக்கத்து சீட்லயோ இருக்கலாம்.

இப்போ சொல்றேன், "போர்க்கைதி"ங்கிற ஒரு வார்த்தையைத் திருத்த எதுக்கு ஒரு முழு எபிசோட்னு. முதல் அபினிப் போர் 1839-42, இரண்டாவது 1856-60. முதல் போரில் மெட்ராஸ் படைப்பிரிவுகளும் போய்ச் சண்டை போட்டன. காலமும் கிட்டத்தட்டப் பொருந்துது, அதனாலதான் கதை ஒட்டிக்கிச்சு. ஆனா போர்க்கைதின்னு சொன்னதும் அது இரண்டு ராஜ்ஜியங்களோட கதை ஆயிடுது. நாம வேடிக்கை பார்க்கிறோம். தண்டனைக் கைதின்னு சொன்னா, அது கூலி இல்லாத உழைப்போட கதை. ஒரு தோட்டத்துக்கு ஆள் வேணும், ஆளைக் கப்பல்ல வரவழைச்சாங்க. நம்ம ஆளையும் அதே மாதிரி அனுப்பினாங்க.

சின்கோனாவோட கதையும் சோகமாத்தான் முடிஞ்சது. டச்சுக்காரர்களுக்கு இன்னும் சத்துள்ள வகை விதை கிடைத்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தையே அவர்கள் கையில் இருந்த ஜாவா தீவிடம் போனது. 1942-ல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் குவினைனுக்குத் தட்டுப்பாடு வந்தது. போருக்குப் பிறகு செயற்கை மருந்துகள் வந்துவிட்டன. இன்றைக்கு நடுவட்டத்தில் கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் தேயிலை. நான் குடிச்ச டீ அங்க விளைஞ்சதுதான்.

ஒரு சின்னத் தகவலோட முடிக்கிறேன். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ், அதே வருஷம் விடுமுறையில் ஊட்டிக்கு வந்தார். சீகூர் மலைப் பாதையில் இறங்கிப் போய், கல்லட்டியில் அவருக்கே மலேரியா வந்தது. இன்னைக்கு நாம ஹேர்பின் வளைவை வீடியோ எடுக்கிற அதே பாதை.

சரி, பார்க்கப் போறவங்களுக்கு. 2024 மே மாசத்துல இருந்து நீலகிரிக்கு இ-பாஸ் முறை இருக்கு, கிளம்பறதுக்கு முன்னாடி பார்த்து எடுத்துக்கோங்க. நடுவட்டத்துல அரை மணி நேரம் ஜெயிலுக்கு ஒதுக்குங்க, வெளியே வந்து சரிவைப் பாருங்க. சென்னையில இருந்தா எழும்பூர் மியூசியத்துக்குப் போங்க, தர்ஸ்டன் வேலை பார்த்த இடம் அது. எப்பவாவது சிங்கப்பூர் போனா செயின்ட் ஆண்ட்ரூஸ் சுவரைப் பக்கத்துல போய்ப் பாருங்க. மூணையும் ஒரே பயணமா நினைச்சுக்கோங்க.

பழைய எபிசோட்ல அந்த 30 செகண்டை நான் வெட்டல. முன்னாடி ஒரு வரி சேர்த்திருக்கேன்: "இதுல சொன்னது தப்பு, அடுத்ததைக் கேளுங்க." கேள்வி கேட்ட நேயருக்கு நன்றி. இதுலயும் தப்பு இருந்தா எழுதுங்க.