ஒரு தலைப்பும் இரு எண்களும்

1990ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான உலகத் தரவரிசையில் கஸ்பரோவ் 2800 புள்ளிகளைத் தொட்டார். 1972இல் பொபி பிஷர் பெற்றிருந்த 2785 என்ற உச்சம் அதனால் பின்தள்ளப்பட்டது. அன்று பத்திரிகை ஆசிரிய பீடத்தில் இருந்த நான், பிஷரிலும் சிறந்தவர் கஸ்பரோவ் என்று பொருள்படும் தலைப்பை அச்செய்திக்கு இட்டேன். கணக்குச் சரி. தலைப்புத்தான் தவறு.

இந்தத் தரப்புள்ளி முறையை வகுத்தவர் ஆர்பட் எலோ. ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராகப் பணியாற்றியவர். உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970இல் இம்முறையை ஏற்றுக்கொண்டது. வெற்றிக்கு ஒன்று, சமநிலைக்கு அரை எனக் கணக்கிட்டால், 200 தரப்புள்ளி கூடியவர் 100 ஆட்டங்களில் ஏறத்தாழ 76ஐப் பெறுவார் என்பது இதன் எதிர்பார்ப்பு. ஆக, இந்த எண் ஒருவரின் ஆற்றலை நிறுத்துக் காட்டும் தராசன்று. தம்முள் மோதிக்கொள்வோருக்கு இடையிலான தூரத்தைக் காட்டும் அளவுகோல் மட்டுமே.

களம் மூடப்பட்டால் அளவுகோலும் பொய்த்துவிடும். வேர்ஜீனியச் சிறையிலிருந்த கிளோட் பிளட்குட் என்ற கைதி, பெரும்பாலும் சக கைதிகளுடனேயே ஆடி, 1996இல் அமெரிக்கப் பட்டியலில் 2702ஐ எட்டினார். அவரை உலகத் தர வீரர் என எவரும் கருதவில்லை. 2024 மார்ச்சில் சம்மேளனமே 2000க்குக் கீழிருந்த புள்ளிகளை உயர்த்திச் சீரமைத்தது. முதல் நாள் 1500 வைத்திருந்தவர், ஓர் ஆட்டமும் ஆடாமலே மறுநாள் 1700 ஆனார். அவரது ஆட்டம் ஒரே இரவில் மேம்பட்டுவிட்டதா என்ன?

கணினிகளின் கதையும் இதுவே. 1997இல் டீப் புளூ கஸ்பரோவை 3½–2½ என வென்றது மனிதனும் இயந்திரமும் நேருக்குநேர் மோதிய முடிவு. இன்று ஸ்ரொக்பிஷ் பெற்றுள்ள 3500க்கு மேற்பட்ட புள்ளிகளோ இயந்திரங்கள் தமக்குள் ஆடிச் சேர்த்தவை. அது மனிதரை வெல்லும் என்பதில் ஐயமில்லை. ஆனால் 2014இல் கார்ல்சன் எட்டிய 2882ஐ அதிலிருந்து கழித்து வரும் விடைக்குப் பொருளில்லை.

காலங்களை ஒப்பிட வேறு வழியில்லையா? உண்டு. 2006இல் ஸ்லொவேனிய ஆய்வாளர் இருவர் உலக சம்பியன்களின் நகர்த்தல்களைக் கணினியால் சோதித்தனர். மிகக் குறைவாகப் பிழைவிட்டவராகத் தெரிந்தவர் கபபிளாங்கா. ஆனால் அவர் சிக்கலற்ற நிலைகளை விரும்பியவர். பிழைக்கு அங்கு இடமும் குறைவு.

இன்னொரு வழி, அடுத்தவரிலிருந்து எவ்வளவு விலகி நின்றார் எனப் பார்ப்பது. 1972இல் பிஷருக்கும் அடுத்த இடத்திலிருந்த ஸ்பாஸ்கிக்கும் இடைவெளி 125. 1990 ஜனவரியில் கஸ்பரோவுக்கும் கார்ப்போவுக்கும் 70. என் தலைப்பை இக்கணக்கு தலைகீழாக்கிவிடுகிறது. அதற்காகப் பிஷரே சிறந்தவர் என்று இன்று எழுதவும் நான் துணியேன். கார்ப்போவ் போன்ற ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு முதலிடம் காத்தது கஸ்பரோவின் குறையன்று.

அந்தச் செய்திக்கு இன்று தலைப்பிடுவதானால், "கஸ்பரோவ் 2800" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.