கூரை கழற்றிய ஹெரால்டு

ஊரப்பாக்கத்துலேர்ந்து ஜி.எஸ்.டி. ரோட்டுல தாம்பரம் பக்கம் போனா கிளாம்பாக்கம் பஸ் முனையம், வண்டலூர் ஜூ தாண்டி பெருங்களத்தூர் வரும். இன்னைக்கு ஐ.டி. கட்டடமும் அடுக்குமாடியுமா இருக்கிற அந்தப் பக்கத்துலதான் ஒரு காலத்தில் கார் தயாரிச்சாங்கன்னு சொன்னா, இந்தக் காலத்துப் பசங்க நம்ப மாட்டேங்கிறாங்க.

ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ். 1948ல சென்னையில் ஆரம்பிச்ச கம்பெனி. முதல்ல வேன்கார்ட், அப்புறம் ஸ்டாண்டர்ட் டென், 1961லேர்ந்து ஹெரால்டு. பம்பாய்க்கு ஃபியட், கல்கத்தாவுக்கு அம்பாசடர்னா, நம்ம ஊருக்கு ஹெரால்டு. கடைசியா 1985ல ஸ்டாண்டர்ட் 2000னு பெரிய காரை இறக்கினாங்க. அது ஓடலை, 1988ல உற்பத்தியே நின்னு போச்சு.

ஹெரால்டோட கதை இங்கிலாந்துல ஒரு சிக்கல்ல ஆரம்பிக்குது. அங்கே ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் கம்பெனிக்கு பாடி செஞ்சு கொடுத்த தொழிற்சாலையை 1953ல போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிடுச்சு. முழு பாடி கிடைக்காததால, தனி சேஸிஸ் மேல துண்டு துண்டா பாடியை போல்ட் போட்டு முடுக்கற மாதிரி ஒரு காரை யோசிச்சாங்க. வடிவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. 1959ல வந்தது. பெட்டியில் பாகங்களா அனுப்பி வெளிநாட்டுல பூட்டறதுக்கும் அது வசதியாப் போச்சு.

அந்த போல்ட்தான் நம்ம விஷயத்துக்கே மூலம். கூரையும் போல்ட்ல நிக்கறதால, கழற்றிட்டா திறந்த காராயிடும். இங்கிலாந்துல 1960லேயே கன்வெர்ட்டிபிள் வித்தாங்க. நம்ம ஊர்ல இரண்டு கதவு ஹெரால்டுகள் சிலதைப் பட்டறையில கொடுத்து, கூரையை எடுத்து, கேன்வாஸ் போட்டுக்கிட்டாங்க.

இப்படி ஒண்ணு ஷெட்டுல முப்பது வருஷமா தூங்குதுன்னு வச்சுக்குங்க. உடனே சாவி போட்டுத் திருகாதீங்க! 948 சி.சி. இன்ஜின்தான், ஆனா பிஸ்டன் பிடிச்சிருக்கும். ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள்ள ஆயில் விட்டு சில நாள் ஊறவிட்டு, கையாலதான் சுத்திப் பார்க்கணும். பெட்ரோல் டேங்க்குல பிசின் மாதிரி படிஞ்சிருக்கும், கழுவணும். பிரேக் வீல் சிலிண்டர் ரப்பர் எல்லாத்தையும் மாத்தியே ஆகணும். பெட்ரோல் ஹோஸும் அப்படித்தான்; இப்ப பங்க்ல கிடைக்கிற 20% எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரிச்சுடும்.

இன்னொண்ணு, நம்ம மெக்கானிக்குகள் பலர் தவற விடறது. முன் சக்கரத்துல ட்ரன்னியன்னு ஒரு பாகம். அதுக்கு கிரீஸ் கூடாது, கியர் ஆயில்தான் போடணும். காய்ஞ்சா, ஓடும்போதே உடைஞ்சு சக்கரம் மடங்கிடும். கடைசியா சேஸிஸ். மழைத்தண்ணி நின்ன இடத்துல ஓரமெல்லாம் உளுத்திருக்கும். கூரை இல்லாத கார்ல பலம் முழுக்க சேஸிஸ்தான். அது போனா கதவே மூடாது.

இதையெல்லாம் சரி பண்ணிடலாங்க. பண்ண முடியாத ஒண்ணு இருக்கு. 2021ல மத்திய அரசு விண்டேஜ் வண்டிக்கு விதி போட்டாங்க. 50 வருஷம் தாண்டியிருக்கணும். சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் கூடாது. அப்ப பட்டறையில கூரை எடுத்த ஹெரால்டு எங்கே நிக்கும்? ஆசையா செஞ்ச மாற்றமே அதுக்கு வில்லங்கம். திரும்பக் கூரை போடலாம்னா, அந்தக் கூரை என்னைக்கோ காயலான் கடைக்குப் போயிருக்கும்.

என்னைக் கேட்டா, கூரையோட இருக்கிற ஹெரால்டைக் கூரையோடவே விடுங்க. ஏற்கெனவே கழற்றினதை அப்படியே காப்பாத்துங்க. அதுவும் நம்ம பட்டறைக்காரங்க கைவேலைதான். முதல் வேலையா ஆர்.சி. புக்கைத் தேடுங்க. என்ஜின் கூட வேற கிடைக்கும், அது கிடைக்காது. தொழிற்சாலையே இல்லாம போன ஊர்ல, மிச்சம் இருக்கிறது இந்த வண்டிங்க மட்டும்தான்.