தானே வாரிய கூந்தல்

நாள்தோறும் கூந்தலை வாரி முடித்தல் மிகச் சிறிய செயல். விடியலில் எழுந்து, சிக்கெடுத்து, எண்ணெய் தடவி, வகிடெடுத்துப் பின்னிக்கொள்ளும் பெண் அதனை வரலாற்றோடு தொடர்புடைய செயலாக எண்ணுவதில்லை. ஆயினும், கூந்தலுக்கும் மன உறுதிக்கும் உள்ள உறவைத் தமிழ் மக்கள் நன்கறிவர். அவை நடுவே இழிவுபடுத்தப்பட்ட பாஞ்சாலி, பழி தீருமட்டும் கூந்தலை முடியேன் எனச் சூளுரைத்த கதை தெருக்கூத்திலும் காவியத்திலும் வாழ்கிறது. அவள் கூந்தலை முடியாமல் விட்டுச் சூளுரைத்தாள். கூந்தலை வாரி முடித்துச் சூளுரைத்த மகளிரும் வரலாற்றில் உண்டு. அவர்கள் தென்சீனத்தில் பிறந்தவர்கள். அவர்களுள் பலர் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் உழைத்து வாழ்ந்தவர்கள்.

சீனத்தின் குவாங்துங் மாநிலத்தில், முத்தாற்றின் கழிமுகத்தில் அமைந்தது ஷுன்தே வட்டாரம். அங்கே ஒரு பெண்ணின் நிலையை அவளுடைய கூந்தலே உணர்த்தியது. மணமாகாதவள் நீண்ட ஒற்றைச் சடை பின்னியிருப்பாள். மணமானவள் பின்கொண்டை முடிந்திருப்பாள். மணநாளுக்கு முன் மங்கலம் நிறைந்த மூத்த பெண்ணொருத்தி வந்து, ஒவ்வொரு முறை சீப்பை இழுக்கும்போதும் வாழ்த்துரை கூறி, மணப்பெண்ணின் தலையை வாரிவிடுவாள். பிறர் கையால் வாரப்பட்ட அக்கூந்தல், அவள் இனிப் பிறர் மனைக்கு உரியவள் என்பதற்கு அடையாளமாயிற்று.

இம்முறையை மறுத்த பெண்கள் சிலர், மணமகனின்றியே அச்சடங்கை நடத்திக்கொண்டனர். நல்ல நாள் பார்த்து, புத்தாடை உடுத்து, அருள் தெய்வமாகிய குவான் யின் திருமுன் நின்று, வாழ்நாள் முழுதும் மணம் செய்வதில்லை எனச் சூளுரைத்தனர். பின்னர்ச் சடையை அவிழ்த்து வாரிக் கொண்டையாக முடிந்தனர். சில வேளைகளில், முன்னரே அவ்வாறு சூளுரைத்த மூத்தவள் ஒருத்தி வாரிவிடுவதும் உண்டு. கன்டோனிய மொழியில் இச்சடங்கு ‘சோர் ஹேய்’ எனப்பட்டது. ‘வாரி உயர்த்துதல்’ என்பது அதன் பொருள். அச்சடங்கை ஏற்றவரைத் ‘தாமே வாரிக்கொண்டவர்’ என்று சீன மக்கள் அழைத்தனர்.

இத்துணிவு எங்கிருந்து வந்தது? அவ்வட்டாரத்து வரப்புகளில் முசுக்கட்டைச் செடி வளர்ந்தது. வீடுகளில் பட்டுப்புழு வளர்ந்தது. 1870களில் நீராவியால் இயங்கும் பட்டு நூற்பு ஆலைகள் அங்குத் தோன்றின. அவ்வாலைகளுக்கு இளம்பெண்களின் விரைந்த விரல்கள் தேவைப்பட்டன. தன் கையால் கூலி ஈட்டிய பெண்ணுக்கு, மாமியாரின் ஆட்சியும் மகப்பேற்றின் இடரும் தவிர்க்க இயலாத விதியாகத் தோன்றவில்லை. மணவாழ்வை மறுத்த இம்மகளிரைப் பற்றி மார்ஜரி டாப்ளி என்னும் மானிடவியல் அறிஞர் 1975-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, பொருளியற் காரணங்களோடு சமயக் காரணங்களையும் விளக்குகிறது.

எனினும், இதனை முழு விடுதலை என்று புகழ்ந்துவிடுதல் பொருந்தாது. மகளின் கூலியை இழக்க விரும்பாத குடும்பங்களும் இவ்வழக்கத்தை வரவேற்றன. ஒருமுறை உரைத்த சூளுரையை மீறியவளை ஊரார் கடுமையாக ஒறுத்தனர். மணமாகாத மகள் பிறந்த வீட்டில் உயிர் துறத்தல் தீமை பயக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. ஆகவே அம்மகளிர் பணம் சேர்த்துத் தமக்கெனப் பொது இல்லங்களை அமைத்து, ஒருவருக்கொருவர் உடன்பிறப்பாயினர். தம் விருப்பால் வாரிய கூந்தலுக்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று.

1930களில் உலகப் பொருளாதார மந்தத்தால் பட்டின் விலை வீழ்ந்தது. ஆலைகள் பல மூடப்பட்டன. அதே காலத்தில், 1933-ஆம் ஆண்டின் அயலார் சட்டம் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வரும் சீன ஆடவரின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தது. பெண்களுக்கு 1938 வரை அவ்வரம்பு இல்லை. எனவே வேலையிழந்த மகளிர் பெருந்தொகையினராய்க் கப்பலேறினர். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் அணிந்து, செல்வர் இல்லங்களில் சமையலும் குழந்தை வளர்ப்பும் மேற்கொண்டனர். ‘மா சே’ என அழைக்கப்பட்டவர்கள் இவர்களே. சிவப்புத் தலைத்துணி கட்டிக் கட்டட வேலை செய்த சம்சுய் மகளிர் வேறு, இவர்கள் வேறு.

மா சே மகளிரைக் கண்டவர் எவரும் அவர்தம் கூந்தலை மறவார். ஒரு மயிரும் பிரிந்து நில்லாமல் படிய வாரிய தலை; பின்கொண்டை அல்லது நீண்ட ஒற்றைச் சடை. ஒருவகை மரச்சீவலை நீரில் ஊறவைத்துப் பெறும் வழுவழுப்பான சாற்றைச் சீப்பில் தொட்டு வாருவது அவர்கள் வழக்கம். வாழ்ந்த வீடு முதலாளிக்கு உரியது. பகற்பொழுது வீட்டுத் தலைவிக்கு உரியது. ஈட்டிய ஊதியத்தின் பெரும்பகுதி ஊரிலிருந்த உறவினர்க்கு உரியது. சீப்பு கையிலிருந்த அச்சிறு பொழுது மட்டும் அவளுக்கே உரியதாயிருந்தது. சூளுரைத்த நாளில் ஒருமுறை செய்த செயலை அவள் நாள்தோறும் காலையில் மீண்டும் செய்தாள் எனலாம்.

முதுமையையும் அவர்கள் தாமே பேணிக்கொண்டனர். பலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அறைகளில் ஓய்வு நாள்களில் கூடினர். சீட்டுப் பிடித்துப் பணம் சேர்த்தனர். சைவ உணவு உண்டு வழிபடும் இல்லங்களில் இறுதிக் காலத்துக்கு இடம் தேடிக்கொண்டனர். சிங்கப்பூரில் உழைத்த மகளிர் அனுப்பிய பணத்தால், 1950-ஆம் ஆண்டளவில் ஷுன்தேயில் ‘பிங் யூ தாங்’ என்னும் முதியோர் இல்லம் எழுந்தது. பனியும் பச்சைமணியும் போன்ற தூய்மையைக் குறிக்கும் பெயர் அது. இன்று அது நினைவுக்கூடமாக விளங்குகிறது.

காலப்போக்கில் அச்சடங்கு மறைந்தது. 1978-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் அரசு வெளிநாட்டுப் பணிப்பெண் திட்டத்தைத் தொடங்கியபின், மா சே மகளிர் இருந்த இடத்தில் வேறு நாட்டுப் பெண்கள் வந்தனர். தாமே வாரிக்கொண்டவர்களின் தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது.

தன்னைப் பேணுதல் என்பதற்கு அழகு செய்துகொள்ளுதல் என்று மட்டும் பொருள் கொள்வோர் பலர். அம்மகளிரின் வாழ்வு அச்சொல்லுக்கு ஆழ்ந்த பொருளைத் தருகிறது. பார்ப்பவர்க்காகவோ கணவனுக்காகவோ அவர்கள் வாரவில்லை. தம் வாழ்வுக்குத் தாமே பொறுப்பு என்பதை வாரிய கூந்தலால் உலகுக்கும் தமக்கும் உணர்த்தினர். சீப்பு எளிய பொருள். அதனைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்பதே வரலாறு கேட்கும் வினா.