தவிட்டிலிருந்து இறக்குமதிக்கு: தயமின் உயிர்ச்சத்தின் வரலாறும் இந்தியாவின் சார்புநிலையும்

முன்னுரை

முல்லைப் பெரியாற்று நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடி நடைபெறுகிறது. வீரபாண்டி வயல்களும் இப்பரப்பினுள் அடங்கும். நெல்லின் தவிட்டில் செறிந்துள்ள உயிர்ச்சத்து தயமின் (பி1) ஆகும். ஆயினும், மாத்திரைக்கான தயமினுக்கு இந்தியா பெரிதும் சீன இறக்குமதியையே சார்ந்துள்ளது. இம்முரண் உருவான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தவிடும் பெரிபெரியும்

1890களில் ஜாவாவில் ஐக்மன், தீட்டிய அரிசியை உண்ட கோழிகளுக்குப் பெரிபெரியை ஒத்த நரம்பு நோய் தோன்றுவதையும், தவிடு நீக்காத அரிசியால் அது குணமாவதையும் கண்டறிந்தார். 1926இல் யான்சனும் டோனாத்தும் தவிட்டிலிருந்து அச்சத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர்.

சென்னை மாகாணத்தில் 1918இல் மெக்கரிசன் குன்னூரில் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அது பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி நிலைகொண்டிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அவ்வாறு இல்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது நீரில் கரையும் தயமின் மணியின் உட்பகுதிக்குள் செல்கிறது. எனவே தீட்டிய பின்னும் ஒரு பகுதி எஞ்சுகிறது.

ஆலைப் பொருளாதல்

நெல்லூரில் பிறந்த ராபர்ட் வில்லியம்ஸ் 1936இல் தயமினைச் செயற்கையாகத் தொகுத்தார். அதன்பின் இச்சத்தின் உற்பத்திக்குத் தவிடு தேவைப்படவில்லை. வேதித் தொழிற்சாலையே போதுமானதாயிற்று. காலப்போக்கில் குறைந்த விலையில் பேரளவில் உற்பத்தி செய்த சீனா உலகச் சந்தையில் முன்னிலை பெற்றது.

இச்சார்பின் ஆபத்தைப் பெருந்தொற்று வெளிப்படுத்தியது. 2020 மார்ச் 3 அன்று இந்தியா 26 மருந்து மூலப்பொருள்கள், மருந்துகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. பி1, பி6, பி12 ஆகியன அப்பட்டியலில் இருந்தன. அதே மாதத்தில் மூலமருந்துகளுக்கென ரூ.6,940 கோடி மதிப்பிலான உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு ஒப்புதல் வழங்கப்பட்டது. அதில் பி1 இடம்பெற்றது.

முடிவுரை

செறிவூட்டப்பட்ட அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகிய மூன்றுமே கட்டாயம், தயமின் விருப்பத்திற்குரியது. ஆதலின், புழுங்கல் முறை காத்துவரும் தயமினின் மதிப்பு இன்றும் குறையவில்லை. மருந்துத் தேவையை அது நிறைவு செய்யாது. அதற்கு உள்நாட்டு உற்பத்தி வேண்டும். எனினும், இறக்குமதிச் சார்பை விலைக் கணக்காக மட்டும் காணாமல், உணவுப் பக்குவத்தின் வரலாற்றோடு இணைத்து நோக்குவதே எதிர்காலக் கொள்கைக்குத் துணைபுரியும்.