ஊசலும் ஒழுங்கின்மைக் கோட்பாடும்

இயக்க விதிகள் தெளிவாகத் தெரிந்திருந்தும், தொடக்க நிலையில் உள்ள அணுவளவு வேறுபாடு பெருகிப் பெருகிப் பாதையையே மாற்றிவிடும் இயக்கங்களை ஆராய்வது ஒழுங்கின்மைக் கோட்பாடு. இதன் வேர்களில் முக்கியமானவை பாரிஸில் உள்ளன.

சில ஊசல்களிலும் இத்தகைய இயக்கத்தைக் காணலாம்; ஆனால் எல்லா ஊசலும் இப்படி நடந்துகொள்வதில்லை. 1851இல் இயற்பியலாளர் லியோன் ஃபூக்கோ, பாரிஸ் பாந்தியோன் குவிமாடத்தின் கீழே 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு, பூமி சுழல்வதை மக்கள் கண்ணெதிரே காட்டினார். கையால் விட்டால் பக்கவாட்டில் தள்ளிவிடும் என்று குண்டை நூலால் இழுத்துக் கட்டி, நூலை எரித்து விடுவித்தார். அழகான முன்யோசனை அது. ஒருமுறை போய்வர அந்த ஊசலுக்கு ஏறத்தாழ 16 விநாடி ஆகும். பாரிஸில் அதன் அலைவுத் தளம் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 32 மணி நேரம். இங்கே தொடக்கத்தில் நேரும் சிறு பிழை சிறிதாகவே இருக்கும். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலிலிருந்து தெற்கே நடந்து போகும் தொலைவில் உள்ள கலை, தொழில் அருங்காட்சியகத்தில் இத்தகைய ஊசலைப் பார்க்கலாம்.

ஓர் ஊசலின் நுனியில் இன்னோர் ஊசலை மாட்டினால் கதை மாறிவிடுகிறது. இந்த இரட்டை ஊசலை மெல்ல ஆட்டினால் ஒழுங்காக ஆடும். உயரத் தூக்கிவிட்டால் ஒருமுறை ஆடியதுபோல் மறுமுறை ஆடாது. பிழை விநாடிக்குப் பத்து மடங்கு பெருகுவதாகக் கொள்வோம்: பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்காக இருந்த பிழை ஐந்தே விநாடியில் நூறு பாகையை எட்டும். அளவீட்டைப் பத்து மடங்கு துல்லியமாக்கினாலும் கூடுதலாகக் கணிக்க முடிவது ஒரே ஒரு விநாடிதான். கோட்பாட்டின் உயிர்நாடி இதுவே.

இந்தச் சிக்கலை முதலில் ஆழமாகக் கண்டவர் பாரிஸில் பணியாற்றிய கணிதவியலாளர் ஆன்றி புவான்காரே. மூன்று விண்பொருள்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் இயக்கம் பற்றிய அவரது கட்டுரை 1889இல் சுவீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்காரின் பரிசை வென்றது. அச்சான பின் அதில் பிழை இருப்பது தெரிந்தது. பரிசுத் தொகையைவிட அதிகமாகச் செலவிட்டு அவரே மறுபதிப்புக்குப் பணம் கொடுத்தார். திருத்தும்போதுதான் ஒழுங்கற்ற பாதைகள் அவருக்குப் புலப்பட்டன. அறிவியல் வரலாற்றில் இவ்வளவு பயன் தந்த பிழை அரிது.

1961இல் அமெரிக்க வானிலையாளர் எட்வர்ட் லோரன்ஸ் 0.506127 என்பதைக் கணினியில் 0.506 என்று சுருக்கி இட்டபோது, வானிலைக் கணக்கு முழுதும் வேறானது. தமிழகத்தில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் மு. லட்சுமணன் இத்துறையில் முன்னோடி. 1994இல் கே. முரளி, லியோன் சுவா ஆகியோருடன் அவர் வெளியிட்ட எளிய மின்சுற்று, ஆய்வக மேசையிலேயே ஒழுங்கின்மையை உண்டாக்கிப் பார்க்க வழிசெய்தது.