நம் பங்கின் பழம்பொருள்களும் அவற்றைக் காக்கும் ஒழுங்கும்

யூபிலி என்றாலே கொடியேற்றம், ஆடம்பரக் கூட்டுத் திருப்பலி, தேர்ப்பவனி, அன்னதானம், பிறகு ஒரு நினைவு மலர். மலருக்குப் படம் வேண்டுமென்று கோவிலில் அறிவித்த மறுநாளே வீட்டுப் பரண்களிலிருந்து பழைய பொருள்கள் இறங்கி வருகின்றன: தாத்தாவின் புதுநன்மைப் படம், உபதேசியார் கைப்பட எழுதிய பாட்டு நோட்டு, இலத்தீன் பூசைப் புத்தகம், பித்தளை மெழுகுதிரிக் கால். விழா முடிந்ததும் இவை எங்கே போகின்றன? “கோவிலில் ஓர் அறை ஒதுக்கிக் காட்சிக்கு வைக்கலாமே” என்று பலரும் சொல்கின்றனர். நல்ல எண்ணம்தான். ஆனால் அறையும் கண்ணாடிப் பெட்டியும் இருந்துவிட்டால் காட்சியகம் ஆகிவிடாது. ஒழுங்குமுறை வேண்டும். இதை நம் வட்டாரத்து வரலாறே கற்றுத் தருகிறது.

1863-ம் ஆண்டு மே 30-ம் நாள், செங்கற்பட்டு மாவட்டத்துப் பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலார் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மனிதன் இந்தியாவில் வாழ்ந்தான் என்பதற்கு முதற் சான்று அதுவே. அந்தக் கல்லின் பெருமை கல்லில் மட்டும் இல்லை. எங்கே, என்றைக்கு, எந்த மண்ணில் கிடைத்தது என்று அவர் குறித்து வைத்தார். குறிப்பில்லாவிட்டால் அது வெறும் கல். அவர் சேர்த்த பொருள்களை 1904-ம் ஆண்டு சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. 1912-ம் ஆண்டு அவர் மறைந்த பின்னரும் அவர் தயாரித்த பொருட்பட்டியல் அச்சேறி, இன்றளவும் ஆய்வாளருக்குக் கைகொடுக்கிறது. அந்தச் சென்னை அருங்காட்சியகமும் 1851-ம் ஆண்டு சுமார் 1,100 பொருள்களுடன் எளிமையாகத் தொடங்கியதுதான்.

பரங்கிமலையை எடுத்துக்கொள்வோம். 1547-ம் ஆண்டு அங்கே அகப்பட்ட பகலவி எழுத்துக் கற்சிலுவை இன்றும் பீடத்தில்தான் இருக்கிறது. மக்கள் அதன்முன் முழந்தாளிட்டு வேண்டுகின்றனர். ஆகவே பழமையான எல்லாவற்றையும் பீடத்திலிருந்து கழற்றிக் கண்ணாடிக்குள் பூட்ட வேண்டியதில்லை. வழிபாட்டில் உள்ளது வழிபாட்டிலேயே இருக்கட்டும். பட்டியலில் மட்டும் ஏறட்டும்.

நம் கடற்கரையில் இந்தப் பட்டியல் ஏன் அவசரம்? மறைமாவட்ட எல்லைகள் இங்கே பலமுறை மாறியுள்ளன. மயிலை மறைமாவட்டம் 1606-ம் ஆண்டு உருவானது. சென்னை உயர்மறைமாவட்டம் 1886-ம் ஆண்டு எழுந்தது. இரண்டும் 1952-ம் ஆண்டு ஒன்றாக இணைந்தன. 2002-ம் ஆண்டு செங்கை மறைமாவட்டம் தனியே பிரிந்தது. எல்லை மாறும்போதெல்லாம் ஏடுகளும் கடிதங்களும் இடம் மாறுவது இயல்பு. பட்டியல் இல்லாத இடத்தில், இருந்தது எது, போனது எது என்று எவராலும் சொல்ல இயலாது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பீடம் மக்களை நோக்கித் திரும்பியது. தாய்மொழியில் திருப்பலி வந்தது. அந்த மாற்றம் நமக்குப் பெரும் வரம். ஆனால் பல ஊர்களில் பழைய நற்கருணைக் கிராதியும், பூசை உடுப்புகளும், மரச் சுரூபங்களும் வேண்டாப் பொருள்களாகக் கழிந்தன. அதே சங்கம் 1963-ம் ஆண்டு வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில், அருமையான திருப்பொருள்களை விற்றுவிடவோ சிதறவிடவோ கூடாதென்று ஆயர்களை எச்சரித்திருந்தது. அதைப் படித்தவர் சிலரே.

இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1983-ம் ஆண்டு வந்தது. அதன் 535-ம் எண் பங்குதோறும் ஆவணக் காப்பறை இருக்கவேண்டும் என்கிறது. 1283-ம் எண் விலையுயர்ந்த, கலாச்சார மதிப்புள்ள பொருள்களுக்குச் சரியான பட்டியல் கேட்கிறது. ஒரு படி பங்கிலும் மறுபடி ஆயர் அலுவலகத்திலும் இருக்க வேண்டும். பழமையாலோ கலையாலோ பக்தியாலோ சிறந்த சுரூபத்தை ஆயரின் எழுத்து அனுமதியின்றிப் புதுப்பிக்கக் கூடாது என்பது 1189-ம் எண். திருவிழாதோறும் மாதா சுரூபத்துக்குப் பளபளக்கும் எனாமல் வர்ணம் பூசும் நாம் இதைக் கவனிக்க வேண்டும். கலை, வரலாற்று மதிப்புள்ள பொருளைக் கைமாற்ற உரோமையின் அனுமதியே வேண்டும் என்கிறது 1292-ம் எண். 1999-ம் ஆண்டு பொருட்பட்டியலின் அவசியம் பற்றியும், 2001-ம் ஆண்டு திருச்சபைக் காட்சியகங்கள் பற்றியும் உரோமையிலிருந்து சுற்றுமடல்கள் வந்துள்ளன.

நாட்டுச் சட்டமும் உண்டு. நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருளும், 75 ஆண்டுக்குக் குறையாத வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படியும் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். கடைக்கால் தோண்டும்போது புதையல் கிடைத்தால் 1878-ம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இவற்றை மனத்திற்கொண்டு நம் பங்குக்குச் சில விதிகளை முன்வைக்கலாம்.

முதலாவது, எதைச் சேர்ப்பது என்று பங்குப் பேரவை எழுத்தில் முடிவு செய்யட்டும். நம் பங்கின் விசுவாச வாழ்வையும் ஊரின் உழைப்பையும் காட்டுவதே வரையறை. வருவதையெல்லாம் வாங்கி நிரப்பினால் அறை கிடங்காகிவிடும்.

இரண்டாவது, தருபவர் கொடையாகத் தருகிறாரா, இரவலாகத் தருகிறாரா என்று கையொப்பமிட்ட தாள் வேண்டும். இரவலென்றால் திருப்பித் தரும் நாளும் குறிக்க வேண்டும். பிற்காலத்தில் பேரப்பிள்ளைகள் வந்து கேட்கும்போது மனக்கசப்பு வராமல் இது காக்கும்.

மூன்றாவது, தைத்த பதிவேடு ஒன்று: வரிசை எண், பொருள், அளவு, தந்தவர், வந்த நாள், அதன் கதை, இப்போதைய நிலை. தாளில் பென்சிலால் எண் எழுதுக. துணிக்கு எண் எழுதிய பருத்தி நாடாவைத் தைக்க வேண்டும். பசை நாடா எதிலும் கூடாது.

நான்காவது, காப்பு முறை. உப்புக்காற்றும் ஐப்பசி மழையும் கரையானும் நம் பகைவர். பெட்டிகள் தரையிலும் சுவரிலும் படாதிருக்கட்டும். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும் 2015-ம் ஆண்டு பெருவெள்ளத்தையும் கண்டவர்கள் நாம். ஏடுகளின் நிழற்படிகள் வேறோர் ஊரில் இருப்பது நலம். வெள்ளி முலாம் பூசிய கதிர்பாத்திரத்தைப் புளியிட்டுத் தேய்த்தால் முலாமே போய்விடும்.

ஐந்தாவது, ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் காட்சிப் பொருள் அல்ல. அவற்றில் குடும்பங்களின் அந்தரங்கம் இருக்கிறது. திருப்பண்டங்களுக்கும் புனிதர்களின் அருளிக்கங்களுக்கும் உரிய வணக்கம் குறையக்கூடாது.

ஆறாவது, சாவி இருவர் பொறுப்பில் இருக்கட்டும். பங்குத்தந்தை மாறும்போதும் பேரவை மாறும்போதும் பட்டியலைப் பொருளோடு ஒப்பிட்டுக் கையொப்பமிட வேண்டும். எந்தப் பொருளையும் தனியொருவர் நீக்கக் கூடாது.

விதிகளுக்கெல்லாம் மேலாக ஒரு கேள்வி: யாருடைய நினைவு அந்த அறையில் இருக்கும்? குருக்களின் படங்களும் கொடையாளரின் பெயர்களும் எளிதில் கிடைத்துவிடும். கோவில் கட்டக் கல் சுமந்தவர், சுண்ணாம்பு அரைத்தவர், வலைப்பாட்டில் ஒரு பங்கைக் கோவிலுக்கு ஒதுக்கிய மீனவர், நெல் அறுத்த கூலியாள், குழந்தைகளுக்குச் செபம் சொல்லித் தந்த கைம்பெண்: இவர்களின் பெயர்கள் எங்கே? சாதியின் பேரால் இடம் பிரித்து அமர்ந்த காலம் தமிழகத்துப் பல கோவில்களில் இருந்தது. அந்தக் கசப்பான நினைவையும் முதியோரிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். இனிப்பை மட்டும் வைத்தால் அது வரலாறாகாது.

தட்சிணசித்ராவுக்கு இக்கடற்கரையில் முட்டுக்காடு வரை சென்றால், 1996-ம் ஆண்டு முதல் பழைய வீடுகள் பெயர்த்தெடுத்து மீண்டும் நிறுத்தப்பட்டிருப்பதைக் காணலாம். நமக்கு அத்தனை வசதி வேண்டாம். ஒரு பதிவேடும் இரண்டு பீரோவும் நாலு பொறுப்பான ஆட்களும் போதும்.

அப்பம் பலுகிய நாளில், மீந்த துண்டுகள் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னார் நம் ஆண்டவர். சீடர்கள் சேர்த்தார்கள், பன்னிரண்டு கூடைகள் என்று எண்ணியும் வைத்தார்கள். இந்த யூபிலி ஆண்டில் நாமும் சேர்ப்போம், எண்ணி எழுதி வைப்போம். அடுத்த யூபிலி கொண்டாடும் நம் பிள்ளைகள் அந்தக் கூடைகளைத் திறந்து பார்க்கட்டும்.