பூந்தமல்லியா, பூனைமல்லியா?

மூணு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, காலையில ஆறு மணி. மதில் சுவருக்கு இந்தப் பக்கம் எங்க அப்பா, அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. நடுவுல, சுவர் மேல, பிரச்னைக்குக் காரணமான மணி. மணிங்கறது பெரியம்மா வளர்க்கற பூனை. மதில் மேல் பூனைன்னு சும்மா பேச்சுக்குச் சொல்லிக்கிட்டு இருந்தோமே, அதை நேர்ல பார்த்தது அன்னிக்குத்தான். எந்தப் பக்கம் குதிக்கலாம்னு அது யோசிச்ச மாதிரியே தெரியல. நிதானமா கால நக்கிக்கிட்டு இருந்துச்சு.

"உங்க பூனை எங்க வீட்டைக் கக்கூஸா வச்சிருக்கு" - இது அப்பா.

"தெருவுல நாலு பூனை சுத்துது. எங்க மணி மேலயே ஏன் பழி போடறீங்க?" - இது பெரியம்மா.

இருபது வருஷமா 'அக்கா'ன்னு கூப்பிட்டவர், அன்னிக்கு 'இதோ பாருங்கம்மா'ன்னுதான் ஆரம்பிச்சார். அப்பவே எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

மேட்டர் இதுதான். பூந்தமல்லியில எங்க வீட்டுக்கு முன்னாடி பத்துக்கு ஆறு அடியில ஒரு துண்டு மண்ணு இருக்கு. ரெண்டு குண்டுமல்லிச் செடி, ஒரு கறிவேப்பிலை. மிச்ச இடத்துல அப்பா அரைக்கீரை விதைச்சிருந்தார். தங்கமணிக்கு அப்ப நாலாம் மாசம், கீரை நிறைய சாப்பிடச் சொல்லியிருந்தாங்க டாக்டர். கீரை முளைச்சு நாலு இலை விட்ட நேரம் பார்த்து, தினம் காலையில ரெண்டு இடத்துல மண்ணு குவிஞ்சு கிடக்கும். கிளறினா... விடுங்க, சாப்பிட்டுக்கிட்டு படிக்கறவங்க இருப்பீங்க.

நாங்களும் சும்மா இருக்கல. சொட்டுநீலம் கலந்த தண்ணியை பாட்டில்ல ஊத்தி கேட்டுல கட்டினோம். மணி அதுக்குப் பக்கத்துலயே படுத்துத் தூங்குச்சு. ஆரஞ்சுத் தோலைப் போட்டோம். ரெண்டு நாள் மரியாதை கொடுத்துச்சு, தோல் காஞ்சதும் திரும்ப வந்துச்சு. பினாயில், பாச்சா உருண்டைன்னு ஆளாளுக்கு யோசனை சொன்னாங்க. அது ரெண்டையும் உடைச்சு வெளியேத்தற சக்தி பூனையோட ஈரலுக்கு ரொம்பக் கம்மி, மெதுவா கொல்ற விஷம்னு அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். சண்டை நடந்த அன்னிக்கு சாயங்காலம் அப்பா சொன்னது அதைவிட மோசம்: "கருவாட்டுல எலி மருந்தை வச்சா ஒரே ராத்திரியில முடிஞ்சிடும்." கோவத்துல சொன்னதுதான். ஆனா தங்கமணி அதைக் கேட்டுட்டு அன்னிக்கு ராத்திரி சரியா சாப்பிடல.

பொட்டி தட்டறவனுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு பக் வந்தா, இது எந்த வெர்ஷன்ல நுழைஞ்சதுன்னு பின்னாடியே தேடிப் போவான். ஆபீஸ்ல புடுங்க வேண்டிய ஆணியெல்லாம் அப்படியே கிடக்க, நானும் போனேன். போய்ச் சேர்ந்த இடம் சைப்ரஸ் தீவு!

அங்க சுமார் 9500 வருஷத்துக்கு முந்தின ஒரு மனுஷன் குழியைத் தோண்டினவங்க, பக்கத்துலயே, அரை மீட்டர்கூட தள்ளி இல்லாம, ஒரு பூனையைப் புதைச்சிருந்ததைப் பார்த்தாங்க. 2004-ல இந்தச் சேதி வெளிவந்துச்சு. அந்தத் தீவுல இயற்கையா பூனையே கிடையாது. அப்படின்னா யாரோ கூடவே படகுல கூட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. இன்னிக்கு உலகத்துல இருக்கற வீட்டுப் பூனை அத்தனைக்கும் மூதாதை மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா பக்கத்துக் காட்டுப்பூனைன்னு 2007-ல மரபணு ஆய்வு சொல்லுச்சு. மனுஷன் விவசாயம் பண்ணி தானியத்தைச் சேர்த்து வச்சான், எலி வந்துச்சு, எலிக்குப் பின்னாடி பூனை வந்துச்சு. நாய் மாதிரி நாம பிடிச்சுப் பழக்கல, அதுவாத்தான் வந்து உட்கார்ந்துச்சு. வரும்போது பாலைநிலத்துப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்துச்சு. காய்ஞ்ச, பொலபொலன்னு இருக்கற மண்ணைத் தோண்டிப் போய், வாசனை வெளிய தெரியாம மூடறது. எங்க அப்பா கொத்திக் கிளறி, கல்லு பொறுக்கி, சலிச்சுப் போட்ட பாத்தியை ஒரு பூனையோட கண்ணால பாருங்க. நாமே ரெட் கார்ப்பெட் விரிச்சிருக்கோம்!

எகிப்துல சாமியா கும்பிட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் நடந்தது நிறைய பேருக்குத் தெரியாது. 1888-ல பெனி ஹசன் பக்கத்துல பூனை மம்மிகள் லட்சக்கணக்குல கிடைச்சுது. அதுல ஏறத்தாழ 19 டன்னை கப்பல்ல ஏத்தி, 1890-ல லிவர்பூல்ல ஏலம் விட்டாங்க. எதுக்கு? உரத்துக்கு! பூனையையே அரைச்சுத் தோட்டத்துல போட்ட மனுஷ ஜாதி நாம. அது பதிலுக்குப் போடறதைப் பத்திப் பேச நமக்கு வாய் இருக்கான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன்.

நம்ம ஊருக்கு வருவோம். இந்த வேலிச் சண்டை நமக்குப் புதுசே இல்ல. குறுந்தொகை 139-வது பாட்டுல, ஒக்கூர் மாசாத்தியார்ங்கற பெண் புலவர், சாயங்காலம் வேலியோரம் வெருகு வந்ததைப் பார்த்து வீட்டுக்கோழி பதறி குஞ்சுகளைக் கூப்பிடறதை உவமையா சொல்றாங்க. வெருகுன்னா காட்டுப்பூனை. மாமல்லபுரத்துல அர்ஜுனன் தபசுன்னு சொல்ற பாறைச் சிற்பத்துல ஒரு பூனை பின்னங்காலில் நின்னு, கையைத் தூக்கித் தவம் பண்ணுது. சுத்தி எலிங்க. மகாபாரத உத்யோக பர்வத்துல வர போலிச்சாமியார் பூனைக் கதை அதுன்னு சொல்லுவாங்க. ஏழாம் நூற்றாண்டுலயே பூனைன்னா சந்தேகம்தான் நமக்கு.

தோட்டம் மட்டும் என்ன, நேத்து வந்ததா? எங்க ஊர்ப் பேரே பூவிருந்தவல்லி. ராமானுஜருக்கு வழிகாட்டின திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். அவர் இங்க நந்தவனம் வச்சு, பூப்பறிச்சு, காஞ்சிபுரம் வரதருக்குக் கொண்டுபோனதா மரபு. பூவிருந்தவல்லி மருவி பூந்தமல்லி ஆச்சு. வெள்ளைக்காரன் போட்ட ஸ்பெல்லிங்கை அப்படியே எழுத்துக்கூட்டிப் படிச்சா பூனைமல்லி! எங்க வீட்டு நிலவரத்துக்கு அதுதான் பொருத்தம் :-)

பூனைக்கு நல்ல பேர் கிடைச்ச காலமும் ஒண்ணு உண்டு. 1896-ல பம்பாய்ல பிளேக் வந்துச்சு. எலியோட தெள்ளுப்பூச்சிதான் அதைப் பரப்புதுன்னு 1898-ல சீமோன்ங்கற பிரெஞ்சு டாக்டர் கராச்சியில கண்டுபிடிச்சார். அப்புறம் 1908-ல ஆண்ட்ரூ புக்கானன்னு அரசாங்க மருத்துவர் ஒருத்தர், பூனை வளர்க்கற வீடுகள்ல பிளேக் வரதில்லைன்னு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினார். பூனைக்கும் பிளேக் வரும், அதுகிட்டருந்து மனுஷனுக்கும் வரலாம்னு இன்னிக்கு நமக்குத் தெரியும். ஆனா அந்தக் காலத்துல எலியைக் குறைக்க வீட்டுல ஒரு பூனை இருந்தா நிம்மதி. ஒரே பூனை, ஒரு காலத்துல காவக்காரன், இன்னொரு காலத்துல திருடன். மாறினது அது இல்ல.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் பார்த்தேன். இங்கிலாந்துல 1926-ல ஒரு கேஸ், பக்கிள் எதிர் ஹோம்ஸ். ஒருத்தரோட பூனை பக்கத்து வீட்டுக்குப் போய் புறாவையும் கோழியையும் கொன்னுடுச்சு. பூனை தன் சுபாவப்படி செஞ்சதுக்கு வளர்க்கறவர் நஷ்டஈடு தர வேண்டியதில்லைன்னு மேல்கோர்ட்ல தீர்ப்பாச்சு. 1949-ல அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல, பூனைங்க வெளிய சுத்தறதைத் தடுக்க சட்டசபையில மசோதாவே நிறைவேத்தினாங்க. கவர்னர் அட்லாய் ஸ்டீவன்சன் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார். துணையில்லாம ஊர் சுத்தறது பூனையோட இயல்பு. இதுல அரசாங்கம் தலையிட ஆரம்பிச்சா அடுத்து நாய்க்கும் பூனைக்கும், பறவைக்கும் புழுவுக்கும் நடக்கற பஞ்சாயத்தையும் நாமதான் தீர்க்கணும்கற மாதிரி பதில் எழுதினார்.

நம்ம நாட்டுல 1960-ல மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்துச்சு. அதுக்காக ராஜ்யசபாவுல முதல்ல தனிநபர் மசோதா கொண்டுவந்தது யாரு? கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். 1962-ல அமைஞ்ச விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவங்கதான். அந்தச் சட்டத்துல முதல் தடவை குத்தத்துக்கு அபராதம் வெறும் பத்து ரூபாய்லருந்து அம்பது ரூபாய் வரைக்கும்தான். ஆனா 2024 ஜூலையிலருந்து நடைமுறையில இருக்கற பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவுப்படி, ஒரு விலங்கை விஷம் வச்சுக் கொன்னா அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். இதை அப்பாகிட்ட காட்டினேன். "நான் சும்மா சொன்னதுடா"ன்னார். முகம் கொஞ்சம் வெளுத்திருந்துச்சு.

தங்கமணி பயந்ததுக்கும் காரணம் இருக்கு. பூனை மலத்துல டாக்சோபிளாஸ்மான்னு ஒரு கிருமி இருக்கலாம், கர்ப்பமா இருக்கறவங்களுக்கு முதல் தடவையா தொத்தினா குழந்தையைப் பாதிக்கலாம். கிருமியை 1908-லயே கண்டுபிடிச்சாலும், அது பூனை வழியா மண்ணுக்கு வருதுங்கறது உறுதியானது 1969-70 வாக்குலதான். டாக்டர்கிட்ட போனோம். பொதுவா ஒரு பூனைக்கு முதல் தடவை தொத்தும்போது ஒண்ணுலருந்து மூணு வாரம்தான் அதை வெளியேத்தும். வெளியேத்தினது தொத்தற நிலைக்கு வரவே ஒருநாளாவது ஆகும். ஆனா ஈரமண்ணுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும். அதனால தங்கமணி பாத்தி வேலை செய்ய வேண்டாம், மத்தவங்க கையுறை போடணும், கீரையை நல்லா அலசி வேகவைக்கணும், கறியையும் அரைவேக்காட்டுல சாப்பிடக் கூடாது. பீதி வேண்டாம், சுத்தம் போதும்னு சொன்னாங்க.

எனக்கு வழி காட்டினது 1947-ல நடந்த ஒரு சின்ன சம்பவம். நமக்குச் சுதந்திரம் கிடைச்ச அதே வருஷம், அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல எட் லோன்னு ஒருத்தர். குளிர்ல மணல் உறைஞ்சு போச்சு, என் பூனைக்குக் கொஞ்சம் மணல் கொடேன்னு பக்கத்துல குடியிருந்த ஒரு அம்மா வந்து கேட்டாங்க. எண்ணெயை உறிஞ்சறதுக்காக ஒர்க்‌ஷாப்புகளுக்கு விக்கற களிமண் துகளை எடுத்துக் கொடுத்தார். அது நாத்தத்தையும் ஈரத்தையும் உறிஞ்சுது. அதையே பையில போட்டு வித்துப் பெரிய பணக்காரரும் ஆனார். இன்னிக்கு நம்ம ஊர் பெட் ஷாப்ல கிலோ கணக்குல விக்கிற பூனை மண்ணு இப்படிப் பிறந்ததுதான். ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இன்னொருத்தருக்குக் கொடுத்தது!

அடுத்த ஞாயித்துக்கிழமை நான் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். சைப்ரஸ், எகிப்துன்னு ஆரம்பிச்சேன். பொறுமையா கேட்டாங்க. அப்புறம் சொன்னாங்க: "எங்க ஊர்ல வீட்டுக்குப் பின்னாடி குப்பைமேடு, சாம்பல் மேடுன்னு இருக்கும் தம்பி. பூனை அங்க போயிடும், யாருக்கும் தெரியாது. இந்தத் தெருவுல மண்ணு எங்க இருக்கு சொல்லு? என் வீடு சுத்தி சிமெண்டு, எதிர் வீடு டைல்ஸு, தெரு தாரு. உங்க வீட்டுல மட்டும்தான் மண்ணு. அது வேற எங்க போவும்?"

9500 வருஷத்தை நான் புரட்டினதை அந்தம்மா ஒரே மூச்சுல சொல்லி முடிச்சிட்டாங்க. நாங்க இங்க குடிவந்தப்ப தெருக்கோடியில காலி மனைங்க இருந்துச்சு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லின்னு எல்லா இடத்துலயும் இதே கதைதான். ஏரியும் வயலும் மனையாச்சு, மனை வீடாச்சு, வீட்டைச் சுத்தி சிமெண்ட் ஆச்சு.

சம்ப் கட்டினப்ப மிஞ்சின மணல் எங்க வீட்டுல ரெண்டு மூட்டை கிடந்துச்சு. பெரியம்மா வீட்டு மாடிப்படிக்குக் கீழ கொட்டினேன். இன்னொரு விஷயமும் அவங்கதான் சொன்னாங்க. களை புடுங்கறேன்னு நான் பாத்தியோரம் வேரோட பிடுங்கிக் குவிச்சு வச்சிருந்த செடியைக் காட்டி, "அது குப்பைமேனிடா. அதுக்கு இன்னொரு பேரு பூனைவணங்கி. வேர் வாசனைக்குப் பூனை வந்து புரளும்." போச்சுடா! விருந்துக்குக் கூப்பிட்டு வச்சவனே நான்தான். அந்த வேரையே அள்ளிக்கிட்டுப் போய் மணல் பக்கத்துல போட்டேன். பாத்தியில செடிக்கு நடுவுல கொட்டாங்குச்சித் துண்டும் முள்ளும் நெருக்கமா போட்டு, சாயங்காலமும் தண்ணி ஊத்தி ஈரமா வச்சோம்.

முழுசா தீர்ந்துச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். வாரத்துல ஒருநாள் எந்தப் பூனையோ வந்துட்டுத்தான் போகுது. மத்த நாள்ல மணி, மாடிப்படிக்குக் கீழ. மணலை அள்ளிச் சுத்தம் பண்றது பெரியம்மா பொறுப்பு, புது மணல் எங்க பொறுப்பு.

போன வாரம் அப்பா ஒரு கட்டுக் கீரையை சுவர் மேல வச்சு, "அக்கா, நல்லா அலசிட்டுச் செய்யுங்க"ன்னார். அந்தப் பக்கத்துலருந்து ஒரு கை வந்து எடுத்துக்கிச்சு. சாயங்காலம் அதே கட்டு, மசிச்ச கீரையா ஒரு தூக்குச்சட்டியில எங்க வீட்டுக்குத் திரும்ப வந்துச்சு. தங்கமணி சாப்பிட்டா.